கற்றல் விளைவு எழுத ப்ளூம் வினைச்சொல் அட்டவணை: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

பட்டப்படிப்புக்குக் கற்றல் விளைவு, அதாவது படித்து முடித்த மாணவர் எதைச் செய்து காட்டுவார் என்ற வாக்கியம், எழுத உட்காரும் குழுவின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் இந்த ஒரு பக்க அட்டவணைதான். சிந்தனையின் ஆறு படிகளுக்கு ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து வினைச்சொற்கள். 1956இல் பெஞ்சமின் ப்ளூம் குழு வகுத்த படிநிலையை 2001இல் ஆண்டர்சனும் கிராத்வாலும் திருத்தினார்கள். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்கல் என்ற வரிசை அப்போது அமைந்தது.

ஒரு வேலையை இது நன்றாகச் செய்கிறது. "அறிவார்", "புரிந்துகொள்வார்", "விழிப்புணர்வு பெறுவார்" போன்ற சொற்களை வெளியேற்றிவிடும். புரிந்ததை எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது? "ஒப்பிடுவார்" என்றால் விடைத்தாளில் ஒப்பீடு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

சிக்கல், வினைச்சொல்லே படிநிலையைத் தீர்மானிக்கும் என்று நம்பும்போது தொடங்குகிறது. வகுப்பில் நடத்திய நிரூபணத்தை "விளக்குக" என்றால் அது மனப்பாடம். இரண்டு சோதனைகளின் முடிவுகள் ஏன் முரண்படுகின்றன என்று "விளக்குக" என்றால் பகுத்தாய்வு. சொல் ஒன்றுதான், படியை மாற்றுவது அதன் செயப்படுபொருளும் நிலைமையும். அட்டவணையில் அவை இரண்டுமே இல்லை. ஒரே வினை வெவ்வேறு பட்டியல்களில் வெவ்வேறு கட்டத்தில் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம். "புள்ளியியல் முறைகளைப் பகுத்தாய்வார்": வினை நான்காம் படி, ஆனால் இதற்கு வினாத்தாள் எடுக்க முடியாது. "விடுபட்ட மதிப்புகள் கொண்ட, முன்பு பார்த்திராத தரவுத்தொகுப்புக்குத் தாம் தேர்ந்த புள்ளியியல் முறை பொருந்துவதை நியாயப்படுத்துவார்": இப்போது தேர்வு சரியா, விடுபட்டதை எப்படிக் கையாண்டார், காரணம் நிற்கிறதா என்று மூன்றையும் திருத்தலாம். "70 சதவீதத் துல்லியத்துடன்" போன்ற அளவுகோலை இந்த வாக்கியத்தில் திணிக்காதீர்கள். அதன் இடம் ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் திருத்தும் வழிகாட்டி.

"வடிவமைத்து, செயல்படுத்தி, மதிப்பிடுவார்" என்று வினைகளை அடுக்கவும் அட்டவணை தூண்டும். வடிவமைப்பில் தேறி மதிப்பீட்டில் தவறியவருக்கு என்ன போடுவது? பிரித்து எழுதுங்கள். பிரித்தால் எண்ணிக்கை எகிறும் என்றால் எது உண்மையில் முக்கியமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பு முழுமைக்கும் ஆறு முதல் பத்து போதும். ஒரே பாடத்தில் முழுதாக முடிந்துவிடும் விளைவு பட்டப்படிப்புக்கு உரியதல்ல, அந்தப் பாடத்துக்கு உரியது.

அறநெறி, குழுப்பணி பற்றிய விளைவுகளுக்கு இந்த அட்டவணையைத் திறக்கவே வேண்டாம். இது அறிவுசார் களத்துக்கு மட்டும். மனப்பான்மைக்கான களம் 1964இல் தனியாக வெளிவந்தது; அதன் படிகளும் வேறு.

மேப்பிங் செய்ய, அதாவது எந்தப் பாடம் எந்த விளைவுக்குப் பங்களிக்கிறது என்று பொருத்திக் காட்ட, அட்டவணை துளியும் உதவாது, பெரும்பாலான குழுக்கள் சறுக்குவதும் அங்கேதான். பாடங்களை ஒரு பக்கமும் விளைவுகளை மறுபக்கமும் வைத்து, பங்களிப்பின் அளவாக எல்லாக் கட்டத்திலும் 3 போட்ட மேட்ரிக்ஸ் எதையும் சொல்லாது. எண்ணுக்குப் பதில் "அறிமுகம்", "பயிற்சி", "மதிப்பீடு" என்று குறியுங்கள். ஒரு விளைவுக்கு மூன்று முறை அறிமுகம் இருந்து இறுதியாண்டில் மதிப்பீடு இல்லையென்றால் ஓட்டை உடனே தெரியும்.

ஆகவே அட்டவணையை முதலில் அல்ல, கடைசியில் எடுங்கள். இறுதியாண்டு புராஜெக்டில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்று சாதாரண மொழியில் எழுதி, பிறகு வினையைச் செதுக்க மட்டும் பயன்படுத்துங்கள். வரைவு முடிந்ததும் அந்தப் பாடத்தை நடத்தாத சக ஆசிரியரிடம் ஒரு விளைவைக் கொடுத்து, இதற்கு ஒரு கேள்வி எடுத்துத் தாருங்கள் என்று கேளுங்கள். அவர் எடுக்கும் கேள்வி நீங்கள் நினைத்ததாக இல்லையென்றால் அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுத வேண்டும்.