ஓட்டோமற்றிக்கா, எக்கோ-டிரைவா? கிளிநொச்சியில் இருந்து ஒரு கணக்கு

நான் கடைசியில் வாங்கியது சிற்றிசன் எக்கோ-டிரைவ், ஒளியில் சார்ஜ் ஆகி ஓடும் கைமணிக்கூடு. ரைற்றேனியம் உடல், நீல முகப்பு. அதற்கு எதிராகக் கடைசிவரை நின்றது டிசோ பிஆர்எக்ஸ் பவர்மாற்றிக் 80, பற்றரி இல்லாமல் கையாட்டத்தில் ஓடும் சுவிஸ் ஓட்டோமற்றிக். லோஞ்சின் ஹைட்ரோகொன்குவெஸ்ற், ஒமேகா சீமாஸ்ரர் இரண்டையும் கையில் போட்டுப் பார்த்தேன். அவை என் வரவுக்கு மேலே. ஆனாலும் போட்டுப் பார்த்ததில் சில விஷயங்கள் விளங்கின, அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். என் சாய்வை மறைக்கப் போவதில்லை: வன்னியில் இருந்துகொண்டு வயல், வாய்க்கால், கிரவல் வீதி என்று அலையும் ஒருவருக்கு ஒளியில் ஓடும் மணிக்கூடுதான் சரி.

அழகில் ஓட்டோமற்றிக் வெல்கிறது. இதில் நீண்ட பேச்சுத் தேவையில்லை. பிஆர்எக்ஸின் வடிவம் 1978 இல் வந்தது. 2021 இல் டிசோ அதைத் திரும்பக் கொண்டுவந்தது. உடலும் செயினும் ஒரே வார்ப்பில் வந்ததுபோல் இணையும் அந்தக் கோடு படத்தில் பார்ப்பதைவிட நேரில் இன்னும் நன்றாக இருக்கும். பின்பக்கக் கண்ணாடியில் சுழலும் பகுதி தெரியும். செக்கன் முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஒமேகாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, கடைக்குள் சில நிமிடம் போட்டதுதான். கனம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எஃகு செயினோடு 42 மில்லிமீற்றர் மணிக்கூடு மெலிந்த கையில் நாள் முழுக்கக் கிடந்தால் மோட்டர் சைக்கிள் ஓட்டும்போது உறுத்தும் என்றே தோன்றியது.

போட்டுப் பார்ப்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இருந்து போகிற பலர் கொழும்பில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். காவலாளி கதவைத் திறப்பார், உள்ளே போங்கள். வன் கோல் ஃபேஸ் கடைத்தொகுதியில் என்றாலும் கொள்ளுப்பிட்டியில் என்றாலும், வாங்காமல் பார்க்க வருகிறவர்களை அவர்கள் தினமும் காண்கிறார்கள். "பார்த்துத் தெரிந்துகொள்ள வந்தேன், இன்றைக்கு வாங்க மாட்டேன்" என்று முதலிலேயே சொன்னால் இரண்டு பக்கமும் நிம்மதி. வேலைநாள் காலையில் கடை வெறுமையாக இருக்கும், தட்டில் விரித்து வைத்துப் பொறுமையாகக் காட்டுவார்கள். தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. விலை உயர்ந்த பொருளுக்குக் கேள்வி கேட்க வேண்டும், கேள்வி சொந்த மொழியில்தான் ஒழுங்காக வரும்.

கடையின் விளக்குகள் எல்லா முகப்பையும் மினுங்க வைக்கும். வாசல் பக்கம் கொண்டுபோய் வெளி வெளிச்சத்தில் பார்க்கலாமா என்று கேளுங்கள். பிறகு செயினின் இறுக்கம். குளிரூட்டிய கடைக்குள் மணிக்கட்டு சுருங்கியிருக்கும், கிளிநொச்சி வெயிலில் வீங்கும். பிஆர்எக்ஸின் கொளுக்கி இரண்டு பக்கமும் மடியும் வகை, அதில் சின்னச் சின்னதாகத் தளர்த்தி இறுக்கும் துளைகள் கிடையாது. கடையில் கச்சிதமாக இருந்த செயின் பங்குனி, சித்திரையில் கையைப் பிடிக்கும். ஹைட்ரோகொன்குவெஸ்றின் கொளுக்கியில் அந்த வசதி இருக்கிறது. எக்கோ-டிரைவ் மொடல்கள் பலவற்றில் இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை, எனவே பார்த்து எடுங்கள்.

நேரம் பிசகாமல் ஓடுவதில் போட்டியே இல்லை. குரோனோமீற்றர் என்ற சுவிஸ் துல்லியச் சான்றிதழ் பெறும் ஓட்டோமற்றிக் இயந்திரம் நாளுக்கு 4 செக்கன் பிந்தலாம், 6 செக்கன் முந்தலாம். சாதாரண எக்கோ-டிரைவ் மாதத்துக்கே 15 செக்கனுக்குள் நிற்கும்.

இனி என்னை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அது பராமரிப்பு.

ஓட்டோமற்றிக் மணிக்கூட்டுக்குள் சின்னஞ்சிறு அச்சுகள் மாணிக்கக் கற்களில் சுழல்கின்றன. அந்த இடங்களில் துளித்துளியாக எண்ணெய் இருக்கும். வருடங்கள் போக எண்ணெய் காயும், அச்சுகள் தேயத் தொடங்கும். மோட்டர் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றாமல் ஓடினால் என்ன நடக்குமோ அதுதான் இங்கும். ஒமேகா 5 முதல் 8 ஆண்டுக்கு ஒரு தடவை சேர்விஸ் செய்யச் சொல்கிறது. ரோலெக்ஸ் ஏறக்குறைய 10 ஆண்டு என்கிறது. சேர்விஸ் என்றால் முழுவதையும் கழற்றிக் கழுவி, எண்ணெய் வைத்து, வேகத்தைச் சரிசெய்து, நீர் புகாமல் தடுக்கும் றப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனை செய்வது.

இதை யார் செய்வார்? கிளிநொச்சிச் சந்தையில் கண்ணில் வில்லை மாட்டிக்கொண்டு இருக்கும் ஐயா ஒருவரை நான் சிறு வயதில் இருந்து அறிவேன். பழைய சீக்கோவை அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். பிஆர்எக்ஸுக்குள் இருக்கும் பவர்மாற்றிக் 80 இயந்திரத்தைப் பற்றிக் கேட்டபோது, கை வைக்க மாட்டேன் என்றார். காரணம் இருக்கிறது. இது ஈரிஏ 2824 என்ற பழைய இயந்திரத்தில் இருந்து வந்தது. மணித்தியாலத்துக்கு 28,800 அதிர்வை 21,600 ஆகக் குறைத்துத்தான் கழற்றி வைத்த பிறகும் 80 மணித்தியாலம் ஓடும் நிலையை எட்டினார்கள். சாதாரண ஓட்டோமற்றிக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு நெம்பு இருக்கும். இதில் அது இல்லை, தொழிற்சாலையிலேயே அளந்து வைத்து அனுப்புகிறார்கள். அருமையான இயந்திரம்தான். ஆனால் ஊர்க் கைவினைஞருக்காகச் செய்யப்பட்டதல்ல.

ஆக, கொழும்புக்குத்தான் போக வேண்டும். இரவு பஸ் ஏறி ஏ9 வழியே விடியப் போய் இறங்கி, கடை திறக்கும்வரை காத்திருந்து, கொடுத்துவிட்டு வர வேண்டும். எடுக்க மறுபடி ஒரு பயணம். இரண்டு நாள் லீவு, இரண்டு போக்குவரத்துச் செலவு, சேர்விஸ் கூலி வேறு. என்னோடு வேலை செய்யும் அண்ணர் ஒருவர் தன் சுவிஸ் ஓட்டோமற்றிக்கைக் கொழும்பில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு, உதிரிப்பாகம் வரும் வரும் என்று மாதக்கணக்கில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். கொழும்பில் வசிப்பவருக்கு இது வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிற காரியம். எங்களுக்கு அப்படி இல்லை. மணிக்கூட்டு விலையோடு இந்தத் தூரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எனவே எந்தக் கடையிலும் விலையைக் கேட்ட கையோடு இவற்றையும் கேளுங்கள்: முழு சேர்விஸுக்கு இன்றைய கூலி என்ன, இங்கேயே செய்வீர்களா வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா, எத்தனை கிழமை ஆகும், கூரியரில் அனுப்பினால் ஏற்பீர்களா. பதில் தெளிவாக வராத கடையில் நான் வாங்க மாட்டேன்.

எக்கோ-டிரைவில் கழற்றி எண்ணெய் வைக்கும் வேலை இப்படித் தவணை வைத்து வருவதில்லை. முகப்பு ஊடாக ஒளி உள்ளே போய் மின்கலத்தைச் சார்ஜ் செய்யும். மூன்று முள்ளும் தேதியும் கொண்ட பல மொடல்கள் முழுதாகச் சார்ஜ் ஆனால் இருட்டிலும் 6 மாதம் ஓடும். சார்ஜ் குறைந்தால் செக்கன் முள் இரண்டு இரண்டு செக்கனாகத் தாண்டி எச்சரிக்கும். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வெயில் நல்லது என்று வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடாதீர்கள், 60 பாகை செல்சியஸைத் தாண்டும் சூடு கூடாது. என்றாவது உள்ளே உள்ள மின்கலம் மாற்ற வேண்டி வந்தால் அதற்குரிய சார்ஜ் ஆகும் மின்கலத்தையே போட வேண்டும். சாதாரணப் பற்றரியை வைத்து மூடினால் அது ஒழுகி இயந்திரத்தையே கெடுக்கும். றப்பர் வளையங்கள் எல்லா மணிக்கூட்டுக்கும் பொதுவானவை. குளத்தில் குளிப்பவர், முல்லைத்தீவுக் கடலில் இறங்குபவர் 100 மீற்றர் என்று எழுதியிருப்பதை வருடங்களாக நம்பிக்கொண்டு இருக்காமல் இடையில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் எதிர்ப்பு வேறு வகை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் பற்றரி கொண்டுவர விடமாட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட காலம் அது. குவாட்ஸ் மணிக்கூடு நின்றால் நின்றதுதான். சாவி கொடுப்பதும் கையாட்டத்தில் ஓடும் சீக்கோ 5 உம்தான் நேரம் காட்டின. 2002 இல் தடை தளர்ந்த பிறகும் பற்றரி மணிக்கூட்டில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் வாங்கி வந்ததைக் காட்டியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "மாரி மழை விடாமல் பெய்தால்?" என்பது. 6 மாதக் கணக்கைச் சொன்னேன். கையில் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். ரைற்றேனியத்தின் கனக்குறைவுதான் அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. விலை கொடுத்த பொருள் கனக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அந்தக் கனக்குறைவே பெரிய வரம். வியர்வை பட்டுக் கை சிவக்கும் தொல்லையும் போய்விட்டது.

திருப்பி விற்பதைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். ரோலெக்ஸைத் தவிர்த்துப் பார்த்தால், புதிதாக வாங்கிய பெரும்பாலான மணிக்கூடுகள் கடையை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்கும். அவசரத்துக்குப் பணமாக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு பவுன் நகை வாங்குங்கள். ஊர் வங்கியிலேயே அடகு வைக்கலாம், மணிக்கூட்டை எந்த வங்கியும் வாங்கி வைக்காது.

சுவிஸில் இருக்கும் அக்காமாரிடம் சொல்லி வாங்குவிக்கலாமே என்ற யோசனை எல்லா வீட்டிலும் வரும். அங்கே வசிப்பவருக்கு வரி திரும்பக் கிடைக்காது, அந்தச் சலுகை வெளிநாட்டில் வசிப்பவருக்குத்தான். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கட்டும். அது கொழும்பிலும் செல்லுமா என்று வாங்க முன்னரே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

என் எக்கோ-டிரைவ் இன்னும் புதிது. பத்துப் பதினைந்து வருடத்தில் அதன் மின்கலம் எப்படி இருக்கும் என்பதை என் கையனுபவத்தில் சொல்ல முடியாது. மாதம் ஒரு தடவையாவது கொழும்புக்குப் போய் வருகிறவர், அல்லது விசேஷங்களுக்கு மட்டும் போடுகிறவர் என்றால் பிஆர்எக்ஸ் எடுப்பதைத் தடுக்க மாட்டேன். ஓட்டோமற்றிக்தான் வேண்டும், அதையும் தினமும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடும் மண்வெட்டியோடும் போடுவேன் என்கிறவருக்குச் சீக்கோ 5 ஐச் சொல்வேன். அதன் 4ஆர்36 இயந்திரம் 41 மணித்தியாலம்தான் ஓடும், பின்பக்கத்தில் டிசோவின் மெருகும் இல்லை. ஆனால் சந்தை ஐயா அதைத் திறக்கத் தயங்கமாட்டார்.