பாண்டா, கோட்டாவா, ஊர்ப் பிள்ளையா? கிராமத்துக்கு டாக்டர் வர மூன்று வழிகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை என்ற செய்தி வரும்போதெல்லாம் மூன்று யோசனைகள்தான் திரும்பத் திரும்ப மேசைக்கு வருகின்றன. மக்கள் வரிப்பணத்தில் படித்தவரிடம் பாண்டு (ஒப்பந்தப் பத்திரம்) எழுதி வாங்கிக் கட்டாயமாக அனுப்பு. அல்லது, அங்கே சில வருடம் இருந்தால் பி.ஜி. (பட்ட மேற்படிப்பு) சீட்டில் பங்கு தருகிறேன் என்று சொல்லி வரவழை. அதுவும் இல்லையென்றால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளையே டாக்டருக்குப் படிக்க வை, அவர்களாகவே திரும்பி வருவார்கள். தமிழ்நாட்டில் இந்த மூன்றுமே ஏதோ ஓர் அளவில் நடப்பில் இருக்கின்றன. ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் சண்டை போடுகிறோம். காலியிடத்தை நிரப்புவது ஒரு வேலை, வந்தவரை அங்கேயே தங்க வைப்பது வேறொரு வேலை. இந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மூன்றின் தரமும் விளங்கும்.

முதலில் பாண்டு. சட்டத்தில் இதற்குச் சிக்கல் இல்லை. கட்டாயப் பணி என்று மாநிலங்கள் போடும் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சிக்கல் எல்லாம் நடைமுறையில். எந்த பாண்டிலும் ‘பணி செய்யத் தவறினால் இவ்வளவு தொகை’ என்று ஒரு வரி இருக்கும். தண்டனை என்று எழுதப்பட்ட அந்த வரியைப் படிப்பவர்கள் விலை என்றே படிக்கிறார்கள். வசதியுள்ள வீடு பணத்தைக் கட்டிவிட்டு, பிடித்து வைத்திருக்கும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். கட்ட முடியாதவர்தான் கிராமத்துக்குப் போவார். போனவரும் நாளை எண்ணிக்கொண்டு இருப்பார், அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு கூத்தும் உண்டு: கட்டாயப் பணிக்கு ஆள் தயாராக நிற்பார், போஸ்டிங் ஆர்டர் வராது. காலம் ஓடிய பிறகு சர்டிபிகேட்டைக் கேட்டு நீதிமன்றப் படி ஏறுவார்கள்.

தாய்லாந்து இந்த வழியில் நமக்கு முன்பே நடந்து பார்த்த நாடு. 1970களிலிருந்தே அங்கே புது டாக்டர்களுக்கு 3 ஆண்டு அரசுப் பணி கட்டாயம், மீறினால் 4 லட்சம் பாட் அபராதம். பல ஆண்டுகள் அந்தத் தொகை அப்படியே நின்றது, டாக்டர்களின் வருமானம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் பாங்காக் தனியார் மருத்துவமனைகளின் சம்பளத்துக்கு முன் அந்த அபராதம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. 1994-இல் அவர்களே கிராமப்புற மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, சொந்தப் பகுதி மருத்துவமனைகளிலேயே பயிற்சி கொடுக்கும் திட்டத்தைத் தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது. பாண்டு மட்டும் போதுமென்றால் அதற்கு என்ன தேவை?

அடுத்தது கோட்டா. இதைப் பற்றித்தான் தமிழ்நாட்டில் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் நம் அரசு மருத்துவத் துறையே இதன்மேல்தான் நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் சுகர், பிரஷர் மாத்திரைக்கு நோட்டுடன் வரிசை. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி. நடுவே ஸ்கூல் விசிட், மீட்டிங், ஆன்லைனில் ஏற்ற வேண்டிய கணக்குகள். மதியம் ஓ.பி. ஓய்ந்ததும் இளம் டாக்டரின் மேசை டிராயரிலிருந்து பி.ஜி. நுழைவுத் தேர்வுக்கான எம்.சி.க்யூ. புத்தகம் வெளியே வரும், இப்போதென்றால் போனில் கொஸ்டின் பேங்க். பக்கத்து அறையில் ஸ்டாஃப் நர்ஸுக்கும் பார்மசிஸ்டுக்கும் இது தெரியும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ‘டாக்டரம்மா அடுத்த வருஷம் பி.ஜி. போயிடுவாங்க’ என்று அவர்களே பேஷண்டுகளிடம் சொல்லுவார்கள். அந்த டாக்டரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பது சம்பளம் மட்டுமல்ல. அரசுப் பணியில் இருந்தால் ‘சர்வீஸ் பி.ஜி.’ வரிசையில் நிற்கலாம், பொது வரிசையின் போட்டியைவிட அங்கே நெரிசல் குறைவு. அந்தக் கணக்குதான்.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன. உத்தரகண்டிலும் ஆந்திரத்திலும் மருத்துவ மாணவர்கள், டாக்டர்கள், நர்ஸுகளிடம் கற்பனை வேலைகளை இரண்டிரண்டாகக் காட்டி ‘எதை எடுப்பீர்கள்’ என்று கேட்டு நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. சம்பளம், குவார்ட்டர்ஸ், வசதி, ஊர், பி.ஜி. வாய்ப்பு என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். சம்பளத்தை மட்டும் ஏற்றிப் பெரிதாகப் பயனில்லை, அத்துடன் பி.ஜி. இட ஒதுக்கீட்டைச் சேர்த்தால்தான் டாக்டர்களிடம் கொஞ்சமாவது அசைவு தெரிந்தது. அப்படியும் மொத்தத்தில் தயக்கம் பெரியதாகவே இருந்தது. நர்ஸுகளோ அவர்களைவிடப் பல மடங்கு தயாராக இருந்தார்கள். இந்த இரண்டாவது முடிவை நம் கொள்கை வகுப்பவர்கள் ஏன் அதிகம் பேசுவதில்லை என்பது தனிக் கதை.

இந்தக் கோட்டாவின் அருமை அது பறிபோனபோதுதான் தெரிந்தது. அகில இந்திய விதிமுறையைக் காட்டி, பட்ட மேற்படிப்பில் அரசு டாக்டர்களுக்கு இருந்த 50 விழுக்காடு ஒதுக்கீடு 2017-இல் நின்றுபோனது. கடினமான, தொலைதூரப் பகுதிகளில் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நீட் மதிப்பெண்ணில் 10 விழுக்காடு ஊக்கம், அதிகபட்சம் 30 என்ற ஏற்பாடு மட்டும் மிஞ்சியது. எந்த ஊர் ‘கடினம்’, எது ‘தொலைதூரம்’ என்று வரையறுப்பதிலேயே வழக்குகள் கிளம்பின. 2019 அக்டோபர் அரசு டாக்டர்கள் போராட்டத்தில் சம்பளத்துடன் சேர்ந்து இந்த ஒதுக்கீட்டை மீட்பதும் ஒரு முக்கியக் கோரிக்கை. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பணியில் உள்ளவர்களுக்கு இட ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. அதே ஆண்டு நவம்பரில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களிலும் 50 விழுக்காட்டுக்கு அரசாணை போட்டது தமிழ்நாடு.

சரி, இதில் குறை? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இது ஒரு சுழல் கதவு. நல்ல ரேங்க் வாங்கிய டாக்டர் போகிறார், புதியவர் வருகிறார், அவரும் புத்தகத்தைத் திறக்கிறார். பி.ஜி. முடித்து அவர் திரும்புவது பெரும்பாலும் அதே நிலையத்துக்கு அல்ல. டி.பி.எச். (பொது சுகாதார இயக்ககம்) பக்கத்திலிருந்து டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) அல்லது டி.எம்.இ. (மருத்துவக் கல்வி இயக்ககம்) பக்கம், அதாவது தாலுகா, மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போய்விடுவார். ஒரு கிராமம் தன் சர்க்கரை நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு டாக்டரை இந்த முறையால் பெறுவது அபூர்வம். ஆனால் மாநிலம் பெறுவது என்ன என்று பாருங்கள்: ஓய்வு பெறும்வரை அரசுப் பணியில் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்த ஒரு மயக்க மருந்து நிபுணர், ஒரு மகப்பேறு நிபுணர். மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரியில் நடுராத்திரி சிசேரியன் நடப்பது அந்தக் கையெழுத்தால்தான். கோட்டாவை ‘கிராமத் திட்டம்’ என்று விற்பதை விட்டுவிட்டு, அரசுக்கு ஸ்பெஷலிஸ்ட் சேர்க்கும் திட்டம் என்று வெளிப்படையாகச் சொன்னால் அதற்குரிய மரியாதை கிடைக்கும். அந்த வேலையில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

மூன்றாவது வழி, ஊர்ப் பிள்ளை. ஆய்வு ஆதாரம் அதிகமாகக் குவிந்திருப்பது இங்கேதான். பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி 1974-இல் ஒரு சிறு திட்டம் தொடங்கியது. கிராமத்தில் வளர்ந்து, கிராமத்திலேயே குடும்ப மருத்துவம் பார்க்க விரும்புபவர்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது. பிறகு அவர்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். கிராமத்தில் குடும்ப மருத்துவராகத் தொழில் தொடங்கியவர்களில், 11 முதல் 16 ஆண்டுகள் கழித்தும் அதே பகுதியில் இருந்தவர்கள் இந்தத் திட்டத்தில் 68 விழுக்காடு, அதே கல்லூரியின் மற்ற மாணவர்களில் 46. ஆள் எண்ணிக்கை சிறியதுதான், தாங்களாக விரும்பி விண்ணப்பித்தவர்கள் என்பதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் பல நாட்டு ஆய்வுகள் இதே திசையைக் காட்டுவதால், உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் 2021-இல் புதுப்பித்த பரிந்துரைகளிலும் கிராமப் பின்னணி மாணவர் சேர்க்கைக்கு முக்கிய இடம் தந்திருக்கிறது.

நம்மிடம் இதற்கு நெருக்கமாக இருப்பது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2020-இல் வந்தது, 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். சமூக நீதி என்ற அளவில் இதன் பயனைப் பற்றி எனக்குக் கேள்வியே கிடையாது. ஆனால் கிராமத்துக்கு டாக்டர் என்ற கணக்கில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இது பள்ளியைப் பார்க்கிறதே தவிர ஊரைப் பார்ப்பதில்லை, சென்னை மாநகராட்சிப் பள்ளி மாணவிக்கும் இதில் இடம் உண்டு. திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தனியார் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அமெரிக்கா போகச் சுதந்திரம், தொழிலாளி மகளுக்கு மட்டும் ஊர்க்கடன் என்றால் அது என்ன நியாயம்? முதல் அணி படிப்பும் ஹவுஸ் சர்ஜன்சியும் முடித்து முழு டாக்டர்களாக வெளியே வருவதே 2026-ஐ ஒட்டித்தான். அதற்குள் வெற்றி, தோல்வி என்று தீர்ப்பு எழுதுவது அவசரம்.

இப்போது செய்ய வேண்டியது அவர்களைப் பின்தொடர்வது. பிரிட்டனில் 1974-இல் பட்டம் பெற்ற அணியில் தொடங்கி, பல அணிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, பட்டம் பெற்ற முதல் ஆண்டில் என்ன துறை நினைத்தார்கள், சில வருடம் கழித்து என்னவானார்கள் என்று பதிவு செய்துவந்தது ஆக்ஸ்போர்டில் இயங்கிய ஆய்வுக் குழு. நம் பக்கம் அதிகம் காணக் கிடைப்பது இறுதியாண்டு மாணவர்களிடம் ‘கிராமத்தில் பணியாற்ற விருப்பமா?’ என்று ஒரே ஒரு நாள் கேட்கும் சர்வே. பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் படிவத்தில் யார்தான் ‘இல்லை’ என்று டிக் அடிப்பார்? பதில் தெரிய வேண்டுமென்றால் பத்து வருடம் கழித்து எங்கே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

பாண்டையும் ஊர்ப் பிள்ளையையும் கலந்தால்? அதற்கு ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். எல்லா மாகாணங்களும் சேர்ந்து 1972-இல் தொடங்கியது. 47 மாகாணங்களிலிருந்தும் ஆண்டுதோறும் இரண்டு, மூன்று பேர் தேர்வாகிறார்கள். கல்விக் கட்டணச் சுமை இல்லை, பதிலுக்குப் பட்டம் பெற்றபின் 9 ஆண்டுகள் சொந்த மாகாணம் சொல்லும் இடத்தில் வேலை, அதில் ஒரு பகுதி ஒதுக்குப்புற ஊர்களில். மீறினால் மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். இதுவும் பாண்டுதான், நம்முடையதைவிடக் கடுமையானது. ஆனாலும் மிகப் பெரும்பாலோர் முழுமையாக நிறைவேற்றுகிறார்கள், ஒப்பந்தம் முடிந்த பிறகும் மற்ற கல்லூரிப் பட்டதாரிகளைவிட அதிகமாகக் கிராமங்களில் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே தெரிந்து வருகிறார்கள், போகும் இடம் தன் மாகாணம், அனுப்புவதும் தன் மாகாணம். படிப்பு முடிந்த கையோடு தெரியாத ஊருக்குத் தள்ளிவிடும் பாண்டுக்கு இது எதுவும் கிடையாது. வேலூர் சி.எம்.சி.யிலும் இதன் சாயல் உண்டு. திருச்சபைகளின் ஸ்பான்சர்ஷிப்பில் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் மிஷன் மருத்துவமனைகளில் 2 ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும்.

என் கையில் விட்டால், பி.ஜி. கோட்டாவைத் தொடவே மாட்டேன். பொதுவான பாண்டைக் கைவிட்டுவிட்டு, டாக்டர் தங்காத மாவட்டங்களுக்கென்று ஆண்டுக்குச் சில பத்து சீட்டுகளை, விரும்பி வருபவர்களுக்கு மட்டும், ஜிச்சி பாணியில் ஒதுக்குவேன். நீட் தரவரிசைக்குள்ளேயே இதைப் பொருத்துவது சட்டரீதியாக எளிதல்ல, வழக்கு நிச்சயம். அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயதில் கையெழுத்துப் போடும் பெண், இருபத்தாறு வயதில் இன்னொரு மாவட்டத்து டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டால் யார் எங்கே போவது? கணவன், மனைவி இருவரும் டாக்டராக இருக்கும் வீடுகளில் வேலையை முடிவு செய்வது சம்பளமோ சீட்டோ அல்ல, இரண்டு போஸ்டிங்கும் ஒரே ஊரில் கிடைக்குமா, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்குமா என்பதுதான். பாண்டு, கோட்டா, உள் ஒதுக்கீடு மூன்றையும் எழுதியவர்கள் டாக்டரைத் தனி ஆளாகவே வைத்து எழுதியிருக்கிறார்கள். புதிய திட்டம் போடுபவர்கள் தம்பதி போஸ்டிங்குக்கு முதல் பக்கத்திலேயே ஒரு விதி எழுதட்டும்.