ஹேடிஸ் கேம்ல வர்ற ஆஸ்டீரியஸ்: மஞ்சுவிரட்டு ஊர்க்காரனோட ரிவ்யூ

நான் காரைக்குடி பக்கம், சிராவயலுக்கு நடந்தே போயிரலாம், அவ்வளவு கிட்டத்துல நம்ம ஊரு. வீட்டுல தாத்தா காலத்துல இருந்து காளை வளக்குறோம், அதனால எந்த கேம்ல மாடு வந்தாலும் எனக்கு மத்த எதுவும் கண்ணுல படாது. ஹேடிஸ் வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, கதை முடியிற வரைக்கும், அதாவது பாதாளத்துல இருந்து 10 தடவை தப்பிச்சு வெளிய போயி எழுத்து ஓடுற வரைக்கும் விளையாடிட்டேன், இப்பவும் வாரத்துக்கு ரெண்டு ரன், அதாவது முதல்ல இருந்து ரெண்டு தப்பிப்பு முயற்சி, போறேன்னா அதுக்கு முக்காவாசிக் காரணம் அந்த மாட்டுத்தலைக்காரன் ஆஸ்டீரியஸ் தான்.

ஆஸ்டீரியஸ் யாருன்னா, கிரேக்கக் கதைல வர்ற, மனுச உடம்பும் மாட்டுத் தலையும் உள்ள மினோட்டார். மினோட்டார் எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதான். காட் ஆஃப் வார் முத பார்ட் 2005ல வந்துச்சு, அதுல மினோட்டார்னா கும்பலோட கும்பலா வரும், அடிச்சுக் கீழ தள்ளி வாயில கத்திய இறக்கி பட்டனத் தட்டிக்கிட்டே இருக்கணும், செத்துரும், அடுத்தது வரும். 2018ல வந்த அசாசின்ஸ் க்ரீட் ஒடிசில க்ரீட் தீவுல நோஸஸ்ங்கிற பழைய அரண்மனைக்குப் போயி சுத்துவழிக்குள்ள இறங்கி அதத் தேடிப் பிடிக்கணும், மிரட்டலாத்தான் எடுத்திருக்காங்க, ஆனா அங்கயும் அது ஒரு மிருகம், உறுமும், பாயும், சாகும். விளையாடி முடிச்சப்பறம் மனசுல எதுவும் நிக்கல.

மினோட்டார்ங்கிறது அவன் பேரே இல்ல. மைனோஸோட காளைன்னு தான் அதுக்கு அர்த்தம், மைனோஸ் க்ரீட் ராசா. நம்ம ஊர்ல தொழுவுல அவுத்து விடுறப்ப மைக்ல இன்னாரு வீட்டுக் காளை வருது இன்னாரு வீட்டுக் காளை வருதுன்னு தான சொல்லுவாங்க, அது மாதிரி அது சொந்தக்காரன் பேரு. வீட்டுல அதுக்கு வேற பேரு இருக்கும், அந்தப் பேரச் சொன்னாத்தான் தலையத் திருப்பும். கிரேக்கக் கதைலயும் அவனுக்கு வீட்டுப் பேரு ஒண்ணு இருக்கு, ஆஸ்டீரியஸ், நட்சத்திரத்த வச்சு வந்த பேரு. அது யாரு பேருன்னா மைனோஸ வளத்த அப்பா, க்ரீட்டோட பழைய ராசா, அவரு பேரு. தாத்தா பேரத் தாங்குறதால தான பேரன்னே சொல்றோம், அந்த முறைப்படி பாத்தா இவன் அந்த அரண்மனைக்குப் பேரன் ஆயிடுறான். அந்தப் புள்ளையத்தான் சுத்துவழிக்குள்ள போட்டுப் பூட்டுனாங்க. தப்பு யாரு மேலன்னு பாத்தா, கடல் சாமி போசைடன் அனுப்புன வெள்ளைக் காளையப் பலி குடுக்குறேன்னு சொல்லிட்டு அழகா இருக்குன்னு தானே வச்சுக்கிட்டது மைனோஸ், சாமி கோவத்துல ராணி மனச அந்தக் காளை மேலயே திருப்பி விட்டுருச்சு, பொறந்த புள்ள என்ன பண்ணுச்சு சொல்லுங்க.

ஹேடிஸ் பண்ணது சூப்பர்ஜெயன்ட் கேம்ஸ், அமெரிக்காவுல சின்ன டீம், 2020 செப்டம்பர்ல முழுசா வந்துச்சு, 2021ல அறிவியல் புனைகதை, மாயக்கதைகளுக்குக் குடுக்குற ஹ்யூகோ விருது கூட குடுத்தாங்க. நாம ஸாக்ரியஸ், பாதாள ராசா ஹேடிஸோட மகன், அப்பா வீட்ட விட்டு மேல தப்பிச்சுப் போகணும், செத்தா மறுபடி வீட்டுல இருந்து ஆரம்பம். மூணாவது மண்டலம் எலிசியம், வீரனுங்க சொர்க்கம், அதோட கடைசில அரங்கம் நெறைய கூட்டம், உள்ள ரெண்டு பேரு. ஒருத்தன் திசியஸ், சுத்துவழிக்குள்ள போயி மினோட்டாரக் கொன்ன அதே ஏதென்ஸ் ராசா. இன்னொருத்தன் ஆஸ்டீரியஸ்.

கொன்னவனும் செத்தவனும் ஒரே பக்கம் நிக்கிறாங்க! முத தடவை பாத்தப்ப கைய எடுத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். செத்தப்பறம் ஆஸ்டீரியஸ எலிசியத்துக்குக் கொண்டாந்து விடச் சொல்லிக் கேட்டதே திசியஸ்தான்னு பேச்சுப் பேச்சா வரும். திசியஸ் சத்தம் போட்டுப் பெருமை அடிப்பான், நம்மளத் திட்டிக்கிட்டே இருப்பான். ஆஸ்டீரியஸ் அளந்துதான் பேசுவான், நிதானமா, எதிரிக்கு உள்ள மரியாதையக் குறைக்காம. அரங்கத்துக்கு முன்னாடி சில ரன்ல அவன் மட்டும் தனியா வந்து நிப்பான், அங்க தோத்தாலும் வெறுப்பு இல்லாம ஒத்துக்கிட்டுப் போவான், அந்தக் காட்சிதான் எனக்கு இந்த கேம்லயே பிடிச்சது.

சண்டை பத்தி சொல்லணும். பெரிய கோடாரி, எகிறிக் குதிச்சுத் தரைல அடிக்கிறது, அப்பறம் தலையத் தாழ்த்தி ஒரே ஓட்டம். பாயறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிதானிப்பான், அங்கதான் நாம பாக்கணும். எங்க வீட்டுல இருந்த செவலைக் காளை முன்னங்காலால மண்ணப் பறிச்சு மூச்ச இழுத்து விடும் பாருங்க, அடுத்து எந்தப் பக்கம் திரும்பும்னு அதோட தோளப் பாத்தே சித்தப்பா அப்ப சொல்லிருவாரு. நான் இங்கயும் கோடாரியப் பாக்காம தோளத்தான் பாத்தேன், மூணாவது தடவைலயே பிடி கிடைச்சுருச்சு. பாய்ச்சலுக்கு நேரா பின்வாங்காதீங்க, பக்கவாட்டுல விலகுங்க, பொட்டல்ல அவுத்து விட்ட கட்டுமாடு வர்றப்ப பெரியவங்க சொல்றதும் அதான். முதல்ல ஆஸ்டீரியஸ முடிச்சுருங்க, திசியஸ் கேடயத்த முன்னாடி பிடிச்சு நிப்பான், முதுகுப் பக்கம் போனாத்தான் அடி விழும், பாதி உசுரு போனதும் சாமியக் கூப்புடுவான், அந்த நேரத்துல ஆஸ்டீரியஸும் பாஞ்சா தாங்காது.

ஒரு நாள் பட்டாசாலைல உக்காந்து விளையாடிக்கிட்டு இருந்தேன், அப்பத்தா பக்கத்துல வெத்தலை இடிச்சுக்கிட்டே பாத்துச்சு. "ஏண்டா அப்பு, மாட்டப் போயி அடிக்கிற?"ன்னுச்சு. மாடு இல்ல அப்பத்தா, ராணி வயித்துல பொறந்தவன், தலை மட்டும் மாடுன்னேன். "பேரு என்ன வச்சிருக்காக?" ஆஸ்டீரியஸ், அவங்க தாத்தா பேருன்னேன். உலக்கைய நிறுத்திட்டு, "தாத்தா பேர வச்சிருக்காகள்ல, அப்ப அது வீட்டுப் புள்ளதான"ன்னு சொல்லுச்சு. போன வருஷம் செவலை செத்தப்ப அப்பத்தாதான் புது வேட்டி போத்தி மாலை போட்டு தோப்புல பொதச்சது, பொங்கலுக்கு மொத கரண்டி இப்பவும் அங்கதான் கொண்டு போயி வைக்கும், அதுக்கு நான் மேல எதையும் வெளக்க வேண்டியிருக்கல.

இன்னொண்ணு, நோஸஸ ஆர்தர் எவன்ஸ்ங்கிற தொல்லியல் ஆய்வாளர் 1900ல தோண்ட ஆரம்பிச்சாரு, அங்க கிடைச்ச சுவர் ஓவியத்துல ஓடுற காளை முதுகு மேல ஒரு ஆளு தலைகீழாத் தாவுது, முன்னாடி ஒரு ஆளு கொம்பப் பிடிச்சிருக்கு, பின்னாடி ஒருத்தர் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. இப்ப ஹெராக்லியான் மியூசியத்துல இருக்கு, படத்தத் தேடிப் பாருங்க, தை மூணாம் நாள் எங்க பொட்டல பாத்த மாதிரியே இருக்கும். காளையோட அவ்வளவு நெருங்கி விளையாண்ட ஊரு அது, அந்த ஊர்க் கதைல வர்ற புள்ளைய வெறும் பூதமா மட்டும் காட்டுறது எனக்கு எப்பவுமே ஒப்பல.

கொறையும் இருக்கு. ஹேடிஸ் வீட்டுல டூசான்னு ஒரு பொண்ணு, கார்கன், பாம்பு முடியோட தலை மட்டும் பறந்து பறந்து தூசி தட்டும், அதுக்கு நெக்டார், அதாவது நட்புக்காகப் பரிசாக் குடுக்குற பானம், குடுக்கலாம், மூணு தலை நாய் செர்பரஸுக்குக் குடுக்கலாம், ஆஸ்டீரியஸுக்கு மட்டும் குடுக்க முடியாது. இவ்வளவு அழகா எழுதிட்டு அந்த ஒரு வழிய அடைச்சுட்டாங்களேன்னு எனக்கு நெசமாவே வருத்தம். தமிழ் சப்டைட்டில் கிடையாது, வசனம் 20,000 வரிக்கு மேல, எல்லாம் இங்கிலீஷ், படிக்காம தாண்டிப் போனா பாதி கேம் போச்சு.

லேப்டாப் பழசா இருந்தாலும் ஓடும், 4 ஜிபி ராம், 15 ஜிபி இடம் இருந்தாப் போதும். கீபோர்டுல எனக்கு சரியா வரல, டவுன்ல ஒரு கடைல மலிவா வாங்குன கண்ட்ரோலர் ரெண்டே வாரத்துல ஸ்டிக் ஒரு பக்கமா இழுக்க ஆரம்பிச்சுருச்சு, கடைக்காரரு மாத்தித் தரல, கொஞ்சம் காசு கூடப் போனாலும் நல்லதா வாங்கிருங்க. கஷ்டமா இருந்தா காட் மோட் போடுங்க, எடுத்த எடுப்புலயே அடி 20 சதவீதம் கொறையும், ஒவ்வொரு தடவை சாகுறப்பவும் இன்னும் 2 சதவீதம் கொறையும், கதைல ஒண்ணும் கொறையாது. ரெண்டாவது பார்ட் 2025 செப்டம்பர்ல முழுசா வந்துருச்சு, அதுல கிரேக்கக் கதைக் கடல் பூதம் ஸ்கில்லா கடலுக்கடில பேண்ட் வச்சுப் பாடுறா, நான் இன்னும் பாதிதான் போயிருக்கேன், முடிச்சுட்டு அவளப் பத்தித் தனியா எழுதுறேன்.