சுற்றுப்பாதையில் ஓர் உணவங்காடி: மாணவர் விளம்பரப் படத்துக்காக பிளெண்டரை நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் அசைவூட்டம் படித்த காலம் முழுவதும் என் மடிக்கணினியில் அன்றாடம் திறந்திருந்த முப்பரிமாண அசைவூட்ட மென்பொருள் பிளெண்டர். உருவங்களை வடிப்பது, நடக்க வைப்பது, ஒளியமைப்பது என்று பல சிறு பயிற்சிகளை அதில் செய்திருந்தாலும், அதன் ஆற்றலையும் எல்லையையும் எனக்கு ஒருசேரக் காட்டியது இறுதியாண்டில் செய்த முப்பது நொடி விளம்பரப் படம்தான். எவர்சில்வர் அடுக்குத் தூக்கு ஒன்றுக்கான கற்பனை விளம்பரம் அது. கதைக்களம், பூமியைச் சுற்றிவரும் ஓர் உணவங்காடி நிலையம். பாட்டி ஒருவர் பேரனுக்குத் தூக்கில் ரசம் கொண்டுவருகிறார். மூடியைத் திறந்ததும் ரசம் உருண்டையாகத் திரண்டு வெளியே மிதக்கிறது. “பாத்துத் தெறய்யா” என்று பாட்டி சொல்வதுதான் படத்தில் பேசப்படும் ஒரே வரி.

இதுபோன்ற படத்துக்கு பிளெண்டர் பொருந்துமா என்று இளைய மாணவர்கள் கேட்கிறார்கள். பொருந்தும் என்பதே என் பதில். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். அந்த மென்பொருளைத் திறந்தவுடன் கிடைக்கும் இயல்பு அமைப்புகள் பெரும்பாலும் பூமியில், தரையில் நிற்பவரின் கண்ணுக்கு ஏற்றவை. அவற்றுள் எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்பதை அறிவியல் புனைவு செய்பவர் ஆய்வின் மூலம் முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் பிளெண்டர் கேட்டதையெல்லாம் கொடுக்கும். அந்த முடிவுகள் இல்லாவிட்டால், விண்வெளி உடை போட்ட பூமிக் காட்சிகளே கிடைக்கும்.

ஆய்வை விளம்பரங்களிலிருந்து தொடங்கினேன். அறிவியல் புனைவு விளம்பரம் என்றாலே பலரும் சுட்டிக்காட்டுவது, ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்காக 1984 ஜனவரி 22 அன்று அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டத்தின்போது ஒளிபரப்பிய ஒரு நிமிடப் படம். விற்கப்படும் கணினியை மேசைமேல் வைத்துக் காட்டும் காட்சி அதில் கிடையாது. பெயர்பெற்ற நிறுவனத்துக்கு அது சரிப்படலாம். யாரும் கேள்விப்படாத ஒரு தூக்குக்குச் சரிப்படாது என்பதால், தூக்கு ஏறத்தாழ எல்லாக் காட்சிகளிலும் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அந்தப் படத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. அதன் உலகம் எவ்வளவு அந்நியமாக இருந்தாலும், பார்ப்பவர் மனத்தில் தைக்க வேண்டிய செயல் ஒன்றே ஒன்றுதான்: ஓடிவரும் பெண் சுத்தியலை வீசுவது. முப்பது நொடியில் ஒரே ஒரு புதுமைக்குத்தான் இடமுண்டு. ஆகவே எடையின்மையை மட்டும் புதிதாக வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் நம் சிங்கப்பூர் அங்காடிக் கடைகளிலிருந்தே எடுத்தேன்: வட்ட மேசை, மேசை எண், பிளாஸ்டிக் முக்காலி, இடம்பிடிக்க வைக்கும் டிஷ்யூ பொட்டலம். மேலும் கீழும் இல்லாத இடமாதலால் மேசைகள் நான்கு சுவர்களிலும் இருக்கும்; டிஷ்யூ பொட்டலம் மட்டும் ஒட்டுப்பட்டையால் மேசையோடு பிணைக்கப்பட்டிருக்கும். கதை எந்த ஊரில் நடக்கிறது என்பதைச் சொல்ல அந்தப் பொட்டலம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

நிலையத்தின் கட்டட வடிவத்துக்கு நான் நாடியது பீச் ரோட்டில் இருக்கும் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். சிங்கப்பூரின் எதிர்காலம் என்றால் மரினா பே கோபுரங்களையும் கரையோரப் பூந்தோட்டங்களின் சூப்பர்ட்ரீகளையும் வரைவது வழக்கமாகிவிட்டது. 1973ல் கட்டி முடிக்கப்பட்டு, 2021ல் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பழைய காங்கிரீட் மலைதான், மாடிக்கு மாடி பின்வாங்கிச் செல்லும் தன் படிக்கட்டு உருவத்தால், என் கண்ணுக்கு எதிர்காலத்தின் சாயலை அதிகம் கொண்டிருக்கிறது. ஒரு வீட்டுப் பகுதியை மட்டும் வடித்து, ஒன்றைப் பல படிகளாகப் பெருக்கும் பிளெண்டரின் அர்ரே மாடிஃபையர் மூலம் ஒரே நேரத்தில் மேலும் பின்னுமாக நகர்த்திப் பெருக்கினால் அந்தச் சாய்வு தானாகவே அமைந்துவிடும். அந்த ஒரு பகுதியைத் திருத்தினால் எல்லா மாடிகளும் திருந்தும். தனியாளாகப் படம் செய்யும் மாணவருக்கு இது பெரிய கொடை.

நிலையம் எந்தப் பாதையில் சுற்றுகிறது என்ற கேள்வி தேவையற்ற நுணுக்கமாகத் தோன்றலாம். சன்னலில் என்ன தெரியும் என்பதை முடிவு செய்வது அதுதான். 2015 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏவிய சிங்கப்பூரின் டெலியோஸ்-1 துணைக்கோள், 550 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 15 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் விடப்பட்டது. அதே உயரத்தில் என் நிலையத்தையும் வைத்தேன். அங்கிருந்து நேர்கீழே பார்க்கும்போது, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள நம் தீவு, பிளெண்டர் கேமராவின் இயல்பான 50 மில்லிமீட்டர் லென்ஸில், 1920 புள்ளி அகலப் படத்தில், சுமார் 240 புள்ளிகளை அடைத்துக்கொள்ளும். பூமி உருண்டைமேல் போர்த்துவதற்கு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் 8192 புள்ளி அகலப் படத்திலோ ஒரு புள்ளி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அதில் சிங்கப்பூருக்குக் கிடைப்பது பத்துப் புள்ளிதான். நாசாவின் புளூ மார்பிள் படங்களில் ஒரு புள்ளி 500 மீட்டர். அப்போதும் நூறு புள்ளிதான் வரும். ஐரோப்பாவின் சென்டினல்-2 துணைக்கோள் 10 மீட்டர் நுணுக்கத்தில் எடுக்கும் இலவசப் படங்கள் தேவைக்கு மேல் கூர்மையானவை. அவற்றைச் சுருக்கித் தீவும் சுற்றியுள்ள கடலும் இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டினால், கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகமும் தாங்கும், காட்சியும் மங்காது. இந்தக் கணக்கு ஒரு தாளில் முடிகிற வேலை. அதைப் போட்டபின்தான் சன்னல் காட்சி உருப்படியானது.

கதைப்பலகையை பிளெண்டரின் கிரீஸ் பென்சில் என்ற வரைகருவியில் வரைந்தேன். முப்பரிமாண வெளியிலேயே கோட்டோவியம் வரையவும், அதே கோப்பில் பின்னர் மாதிரி உருவங்களை வைத்துப் பார்க்கவும் முடிவதால், தனியாக வேறு மென்பொருள் தேவைப்படவில்லை. அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறையேதும் இல்லை.

நான் மிக அதிகமாகச் சிந்தித்தது அசைவைப் பற்றித்தான். விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில்கூடத் தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் அதிலுள்ள அனைத்தும் ஒன்றாக விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் எடை தெரிவதில்லை. அதனால் கையிலிருந்து நழுவிய பொருள் ஒன்று, எதிலாவது மோதும்வரை நேர்கோட்டில் ஒரே வேகத்தில் செல்லும். பொருளின் நிலையை நாம் குறித்துவைக்கும் இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையே பிளெண்டர் இயல்பாகப் போடுவது பெசியர் வளைவு. பொருள் மெதுவாகக் கிளம்பி, வேகமெடுத்து, மெதுவாக நிற்கும். மிதக்கும் மூடிக்கு இந்த அசைவைக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத கயிற்றில் யாரோ அதைத் தொங்கவிட்டு ஆட்டுவதைப்போல இருக்கும். வரைபடத் திருத்தியில் அந்தக் கீஃபிரேம்களைத் தேர்ந்து, டி விசையை அழுத்தி, லீனியர் என்று மாற்றியதும், பின்னணியில் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாமலேயே அது விண்வெளியாகிவிடுகிறது. சுழற்சிக்கும் இதே விதிதான். ஆனால் பாட்டியின் கைக்குப் பெசியர் வளைவே வேண்டும், ஏனென்றால் தசைதான் அங்கே வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். உயிருள்ளவை வளைவில், உயிரற்றவை நேர்கோட்டில் என்று பிரித்துக்கொண்ட பிறகு, முழுப் படத்தின் அசைவும் ஒழுங்குக்கு வந்தது. அகப்பையை மட்டும் விதிவிலக்காக வைத்தேன். 1985ல் சோவியத் விண்வெளி வீரர் ஜானிபெகோவ், சுழன்றபடி மிதந்த ஒரு திருகுமரை குறிப்பிட்ட இடைவெளியில் தலைகீழாகப் புரண்டு புரண்டு திரும்புவதைக் கவனித்தார். மூன்று அச்சுகளில் நடுத்தர நிலைமத்தை (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் தன்மையை) கொண்ட அச்சில் சுழலும் எந்தப் பொருளும் அப்படிப் புரளும். அகப்பை அதற்கு ஏற்ற வடிவம். பின்னணியில் ஒரு முறை அது புரண்டு செல்வது, கவனிப்பவருக்கு நான் வைத்த பரிசு.

ரச உருண்டைக்குத் திரவத்தின் ஓட்டத்தைக் கணினியே கணக்கிடும் பாவனை தேவையில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தேன். பரப்பு இழுவிசை திரவத்தைக் கோளமாக்கிவிடுகிறது. வெளியே வந்த அதிர்ச்சியில் அது தட்டையாவதும் நீள்வதுமாகத் துடித்து, மெல்ல அடங்கும். ஒரு கோளத்துக்கு, மாறிய வடிவத்தைச் சேமித்துவைக்கும் ஷேப் கீ இரண்டைக் கொடுத்தாலே இந்தத் துடிப்பு கிடைக்கும். கனஅளவு மாறாமல் இருப்பதுதான் முக்கியம்: உயரம் 0.81 மடங்காகக் குறையும்போது அகலமும் ஆழமும் 1.11 மடங்காகப் பெருக வேண்டும். அந்தப் பெருக்கம் இல்லாவிட்டால் ரசம் காற்றுப்போன பந்தாகத் தெரியும். ஒளிவிலகல் எண்ணை இயல்பாக இருந்த 1.45 என்ற கண்ணாடி அளவிலிருந்து 1.33 என்ற நீரின் அளவுக்குக் குறைத்து, உள்ளே நிற உறிஞ்சலைச் சேர்த்ததும், நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் தேநீர் நிறமாகவும் ஒரு கோளம் கிடைத்தது. அதனுள் ஒரு கறிவேப்பிலையும் சில மிளகுத் துணுக்குகளும், அதன் வழியே பின்னாலுள்ள முக்காலிகள் தலைகீழாகவும் தெரிந்தன. நீர்க்கோளம் காட்சியைத் தலைகீழாக்கும் என்பது பள்ளி இயற்பியல்தான். இருந்தும் திரையில் அது நிகழும்போது தோன்றும் மகிழ்ச்சி பெரியது.

தூக்கின் மூடி இன்னொரு பாடம். கடையப்பட்ட எவர்சில்வரில் வட்ட வட்டமாக நுண்ணிய கோடுகள் இருப்பதால், ஒளி அதன்மேல் புள்ளியாக விழாமல், மையத்திலிருந்து இருபுறமும் விசிறிபோல் விரியும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பாத்திரக் கடை விளக்கின்கீழ் மூடியொன்றைச் சாய்த்துப் பார்த்தால் விசிறி சுழல்வது தெரியும். பிளெண்டரில் அனிசோட்ரோபிக் அளவைக் கூட்டி, டேன்ஜென்ட் நோடை ரேடியல் என்று வைத்தால் அச்சாக அதே விசிறி வரும், காட்சியைப் படமாக்கித் தரும் பொறிகளுள் மெதுவானதான சைக்கிள்ஸ் ரெண்டரில் மட்டும். வேகமான ஈவீ ரெண்டர் அந்த அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே எந்தக் காட்சிக்கு எந்த ரெண்டர் என்பதைக் காட்சிதோறும் தீர்மானிக்க வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் முப்பது நொடிக்கு 750 ஃபிரேம். ஒன்றுக்கு நான்கு நிமிடம் பிடித்தாலும் ஐம்பது மணி நேரம் ஆகும். ரசமும் மூடியும் அருகில் தெரியும் காட்சிகளை மட்டும் சைக்கிள்ஸுக்கு ஒதுக்கி, மற்றவற்றை ஈவீயில் முடித்தேன். ஈவீ தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். 2025ல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற லாட்வியப் படம் பிளெண்டரில், ஈவீயைக் கொண்டே உருவானது. சைக்கிள்ஸில், படத்தின் மணல்போன்ற புள்ளிகளைத் துடைக்கும் இரைச்சல் நீக்கியை அளவோடு பயன்படுத்த வேண்டும். அது ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே துடைப்பதால், ஒரு புள்ளிக்கு எடுக்கும் ஒளி மாதிரிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால், நின்ற படத்தில் அழகாகத் தெரியும் எஃகுப் பரப்பு ஓடும் படத்தில் கொதிப்பதுபோல் நெளியும். எப்போதும் பிஎன்ஜி படவரிசையாகவே சேமிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடையில் கணினி நின்றுபோனால் விட்ட ஃபிரேமிலிருந்து தொடரலாம்.

தமிழில் படம் செய்வோருக்கு மட்டும் உரிய செய்தி ஒன்று உண்டு. என் படத்தின் இறுதிச் சட்டகத்தில் “தேக்கா முதல் சுற்றுப்பாதை வரை” என்ற வரி எஃகு எழுத்துகளாக மிதக்க வேண்டும். நான் பயன்படுத்திய பதிப்புகளில் பிளெண்டரின் டெக்ஸ்ட் உறுப்பு, யூனிகோடு குறிகளைச் சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. எழுத்துகளை இணைத்து உருவாக்கும் வேலையை அது செய்வதில்லை. அதனால் ‘தே’யின் இரட்டைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் அடுத்த ககரத்தோடு ஒட்டிக்கொள்ளும், ‘மு’, ‘சு’, ‘று’ ஆகியவற்றின் உகரக்குறி தனியே பிரிந்து நிற்கும், ‘பாதை’யின் ஐகாரக் கொம்பும் இடம் மாறும். ஒரே வரியில் இத்தனையும் நேரும். தீர்வு எளிது: இங்க்ஸ்கேப்பில் நோட்டோ சேன்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவில் வரியை அடித்து, அதைப் பாதைகளாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, பிளெண்டருக்குள் கொண்டுவர வேண்டும். அது மிகச் சிறியதாக வந்து இறங்கும். பெரிதாக்கி, தடிமன் கொடுத்தால் எஃகு எழுத்து தயார். ஆனால் வாசகத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் மீண்டும் இங்க்ஸ்கேப்புக்குப் போக வேண்டும் என்பதால், இறுதி வாசகத்தைக் கதைப்பலகைக் கட்டத்திலேயே தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது. பிழையான தமிழெழுத்து பொதுவிடங்களில் தொங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த நம்மவர் முன்னால், அந்த ஒரு வரி அப்பழுக்கற்று நிற்க வேண்டும் என்பதில் நான் மிகவும் உறுதியாக இருந்தேன்.

பதிப்பு விஷயத்தில், நீண்டகால ஆதரவு உள்ள ஒன்றைத் தேர்ந்து, படம் முடியும்வரை அதிலேயே இருங்கள். நான் 3.6 பதிப்பில் வேலை செய்தேன். 2024 ஜூலையில் வந்த 4.2 பதிப்பில் ஈவீ புதிதாக எழுதப்பட்டதால், பழைய கோப்பை அதில் திறக்கும்போது ஒளியும் நிழலும் வேறுவிதமாக அமைகின்றன. உரிமத்தைப் பொறுத்தவரை மாணவருக்குக் கவலையே இல்லை. 2002ல் பொதுமக்களிடம் 100,000 யூரோ திரட்டி, அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட பிளெண்டரில் உருவாக்கும் படம், உருவாக்கியவருக்கே சொந்தம்; அதை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாம், விற்கவும் செய்யலாம். கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோகும் முன்பு, படங்களையும் எழுத்துருக்களையும் அதற்குள்ளேயே பொதிந்துகொள்ளுங்கள். பொதியாமல் எடுத்துச் சென்றால், பூமி உருண்டை முழுவதும் பளீரென்ற இளஞ்சிவப்பில் திறக்கும்.