அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவருக்கு சஃபையர் பிரிஃபர்ட் போதும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கிரெடிட் ஹிஸ்டரி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வருடத்துக்கு ஒரு தடவை சென்னைக்குப் போய்வர வேண்டும், பாயின்ட்ஸ் சேர்த்து டிக்கெட் செலவைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால், ஆண்டுக் கட்டணம் 95 டாலர் உள்ள, சேஸ் வங்கியின் சஃபையர் பிரிஃபர்ட் கிரெடிட் கார்டு போதும். 895 டாலர் கட்டணம் உள்ள அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) பிளாட்டினத்தைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. அது மோசமான கார்டு என்று சொல்லவில்லை. வாழ்க்கையை அந்தக் கார்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளக் கூடியவர்களுக்கு அது சரி.

நான் டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, ஹெச்-1பி விசா, கணவர் ஹெச்-4 (துணைவருக்கான விசா). சென்னையில் இருந்தபோது என் சிபில் ஸ்கோர் 800-க்கு மேல். வீட்டுக் கடனில் ஒரு தவணைகூடத் தவறியது கிடையாது. இங்கே வந்து இறங்கியதும் அதெல்லாம் செல்லாக்காசு. இத்தனைக்கும் நம்மூர் சிபிலை நடத்துவது டிரான்ஸ்யூனியன். இங்கே ஸ்கோருக்கான விவரங்களை வைத்திருக்கும் மூன்று நிறுவனங்களில் ஒன்று அதே டிரான்ஸ்யூனியன்தான். மற்ற இரண்டு எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ். ஆனால் அங்கே இருக்கும் ஃபைலுக்கும் இங்கே இருக்கும் ஃபைலுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

வங்கிகள் பெரும்பாலும் பார்ப்பது ஃபைகோ ஸ்கோர். ஒரு கணக்காவது திறந்து ஆறு மாதம் ஆகியிருந்தால்தான் அந்த ஸ்கோரே உருவாகும். அதற்கு முன்னாலேயே கிரெடிட் கர்மா ஆப்பில் ஒரு எண் தெரியும். அது வான்டேஜ் ஸ்கோர், வேறு கணக்கு. அதைப் பார்த்துவிட்டு "எனக்கு 750 வந்தாச்சு" என்று சந்தோஷப்படும் புது ஆட்களை அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். எக்ஸ்பீரியன் ஆப்பில் ஃபைகோவே இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பாருங்கள்.

சஃபையருக்கு முன்னால் விமான நிலைய லவுஞ்சுக்குள் அனுமதிக்கும், வேறொரு பெரிய வங்கியின் கார்டுக்கு அப்ளை செய்திருந்தேன். பெயர் வேண்டாம். ஸ்கோர் 740 சொச்சம், பாக்கி எதுவும் இல்லை, சம்பளமும் கௌரவமானது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரையில் மறுப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட் தெலுங்கு நண்பர், "ஏங்க, இவ்வளவு சம்பளம் வாங்குற உங்களுக்கேவா ரிஜெக்ட்?" என்று என்னைவிட அதிகமாகப் பதறினார். கிரெடிட் ரிப்போர்ட்டில் சம்பளம் என்ற வரியே கிடையாது என்பது இங்கே பல வருடம் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை. விண்ணப்பத்தில் வருமானத்தை எழுதச் சொல்வார்கள், அதையும் பார்ப்பார்கள். ஆனால் வாங்கிய கடனை இந்த ஊரில் எத்தனை காலமாக ஒழுங்காகக் கட்டுகிறாய் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

அப்புறம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. புதிதாக வந்தவர்கள் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம். கடனை மறுத்தால் அதற்கான காரணத்தை வங்கி தெரிவித்தாக வேண்டும், அல்லது கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். இங்கே அது சட்டம். எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள், என்ன ஸ்கோர் வந்தது என்பதும் அதில் இருக்கும். 60 நாளுக்குள் கேட்டால் அந்த ரிப்போர்ட்டை இலவசமாக வாங்கலாம். எனக்கு வந்த கடிதத்தில் இரண்டு காரணங்கள்: கணக்குகள் திறந்து போதிய காலம் ஆகவில்லை, இருக்கும் கார்டுகளின் லிமிட் மிகக் குறைவு. முதலாவது எல்லோரும் எதிர்பார்ப்பது. இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது.

பிரீமியம் கார்டுகளுக்கு ஒரு குறைந்தபட்ச லிமிட் உண்டு. சஃபையர் பிரிஃபர்ட் கொடுத்தால் வழக்கமாகக் குறைந்தது 5,000 டாலர் லிமிட் கொடுப்பார்கள். அதன் அக்கா சஃபையர் ரிசர்வ் என்றால் 10,000. இதுவரை 500 டாலர் லிமிட்டை மட்டுமே கையாண்ட ஆளுக்கு ஒரே தாவலில் 10,000 கொடுக்க எந்த வங்கியும் யோசிக்கும். ஸ்கோர் நன்றாக இருந்தும் மறுப்பு வருவதற்குப் பல சமயம் இதுதான் காரணம். 5,000 என்பது ஒரு வருடப் பழக்கத்தில் எட்டக்கூடிய உயரம். பிரிஃபர்ட்டை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணமும் அதுதான்.

அந்த உயரத்துக்கு ஏற நான் பிடித்த ஏணி சேஸின் ஃப்ரீடம் ரைஸ். கிரெடிட் ஹிஸ்டரியே இல்லாதவர்களுக்காக 2023-ல் வந்த கார்டு. ஆண்டுக் கட்டணம் கிடையாது, எதை வாங்கினாலும் 1.5 சதவீதம் திரும்பக் கிடைக்கும். சேஸில் செக்கிங் கணக்குத் திறந்து 250 டாலராவது போட்டு வைத்தால் கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்று அவர்களே சொல்கிறார்கள். எனக்கு சம்பளமும் அதே கணக்கில்தான் விழுகிறது. இந்த வங்கியிலேயே பிள்ளையார் சுழி போட்டது பின்னால் நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். வேறு வங்கியில் டெபாசிட் கட்டி வாங்கும் செக்யூர்டு கார்டிலும் ஆரம்பிக்கலாம், தப்பில்லை.

சின்ன லிமிட்டோடு குடும்பம் நடத்துவது தனிக் கலை. ஃபைகோவில் 35 சதவீதம் தவணை தவறாமல் கட்டுவதற்கு, 30 சதவீதம் லிமிட்டோடு ஒப்பிட்டால் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறோம் என்பதற்கு. ஹிஸ்டரியின் நீளத்துக்கு வெறும் 15தான். 500 டாலர் லிமிட்டில் காஸ்ட்கோவுக்கு ஒரு தடவை போனாலே 300 போய்விடும். கடைசித் தேதியில் முழுப் பணத்தையும் கட்டினாலும், ஸ்டேட்மென்ட் போடும் அன்று இருந்த பாக்கிதான் ரிப்போர்ட்டுக்குப் போகும். அதனால் காஸ்ட்கோவிலிருந்து வந்து அரிசி மூட்டையை இறக்கியதும் ஆப்பைத் திறந்து பணத்தைக் கட்டிவிடுவேன். கணவர் சிரிப்பார். "இதுக்கு டெபிட் கார்டே தேய்ச்சிருக்கலாமே?" டெபிட் கார்டு ஸ்கோரைத் தூக்காது என்று ஒவ்வொரு முறையும் பதில் சொல்வேன்.

ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனதும் சேஸ் ஆப்பிலேயே சஃபையர் பிரிஃபர்ட் ஆஃபர் தெரிந்தது. அப்ளை செய்தேன், உடனே அப்ரூவ் ஆனது. லிமிட், நான் சொன்ன அதே 5,000. சேஸைப் பற்றி இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி 24 மாதத்தில் எல்லா வங்கிகளையும் சேர்த்து ஐந்து கார்டுகளோ அதற்கு மேலோ திறந்திருந்தால் பெரும்பாலும் தர மாட்டார்கள். புதுக் கார்டுக்குக் கிடைக்கும் ஆரம்ப போனஸ் ஆசையில் கடைக்குக் கடை கார்டு வாங்கிக் குவித்தவர்கள் முட்டி நிற்கும் இடம் அது. நம்மைப் போன்ற புது ஆட்கள் அந்தக் கணக்கில் சுத்தமாக இருப்பது ஓர் அனுகூலம்.

அமெக்ஸ் பக்கம் புதியவர்களுக்கு இரண்டு நல்ல வாசல்கள் உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் அமெக்ஸ் கார்டு வைத்திருந்தவர்கள் அந்த உறவைக் காட்டி இங்கே விண்ணப்பிக்கலாம். அது இல்லாதவர்களுக்கு, 2019 முதல் நோவா கிரெடிட் என்ற நிறுவனத்தின் மூலம் இந்திய கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்க்கும் வழியும் வைத்திருக்கிறார்கள். மேலும், கார்டு கிடைக்குமா கிடைக்காதா என்பதை ஸ்கோர் அடிபடாமல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அவசரக்காரர்களுக்கு இதுவே நல்ல வழி. ஆனால் கிடைக்கும் என்பதற்காக பிளாட்டினம் வாங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

அந்த 895 டாலரைத் திரும்ப எடுக்க என்ன செய்ய வேண்டும் தெரியுமா? மாதம் 15 டாலர் ஊபர், மூன்று மாதத்துக்கு 75 டாலர் லுலுலெமன் துணி என்று பொட்டலம் பொட்டலமாகக் கொடுப்பார்கள். அந்தந்தக் காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் போயிற்று. டல்லாஸில் ஆளுக்கொரு கார், ஊபரில் எங்கே போவது? யோகா பேன்ட்டை நான் டார்கெட்டில் வாங்குகிறேன். கணவருக்கும் ஒரு பிளாட்டினம் என்றால் இன்னொரு 195.

லவுஞ்ச் ஆசை எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. டல்லாஸ் விமான நிலையத்தின் டி டெர்மினலில் அமெக்ஸின் செஞ்சூரியன் லவுஞ்சும் இருக்கிறது, கேபிட்டல் ஒன் லவுஞ்சும் இருக்கிறது. சென்னைக்குப் போகும் நம் ஆட்கள் அந்த டெர்மினலில்தான் காத்துக் கிடப்பார்கள். ஆனால் செஞ்சூரியனுக்குள் கணவரைக் கூட்டிப்போக 50 டாலர் (வருடத்துக்கு 75,000 டாலர் அந்தக் கார்டில் செலவழித்தால் ஒழிய). கேபிட்டல் ஒன்னின் 395 டாலர் வென்ச்சர் எக்ஸ் கார்டில் முன்பெல்லாம் துணைக்கு வருபவரும் இலவசமாக நுழையலாம். 2026 பிப்ரவரியிலிருந்து அதையும் பெரும்பாலானவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட, அவர் வெளியே பெட்டிகளுக்குக் காவல் நிற்பதா? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோன புளியோதரையே போதும் என்று விட்டுவிட்டேன்.

சரி, பிரிஃபர்ட்டின் நிஜ உபயோகத்துக்கு வருகிறேன். ஹோட்டல் சாப்பாட்டுக்கு டாலருக்கு 3 பாயின்ட், பயணச் செலவுக்கு 2, மற்றதுக்கெல்லாம் 1. மளிகையை ஆன்லைனில் வாங்கினால் 3 உண்டு. படேல் பிரதர்ஸில் நேரில் போய் வெண்டைக்காய் பொறுக்கினால் 1 பாயின்ட்தான். நம் குடும்பங்களின் பெரிய செலவே மளிகை என்பதால் இது சின்னக் குறை இல்லை. அந்தச் செலவை டாலருக்கு 1.5 பாயின்ட் தரும் பழைய ஃப்ரீடம் ரைஸ் கார்டில் போட்டு, சேர்ந்ததை சஃபையருக்கு மாற்றிக்கொள்வேன். சஃபையருக்குள் வந்துவிட்டால் விமான நிறுவனங்களுக்கு அனுப்பலாம்.

பாயின்ட்டைப் பணமாக எடுத்தால் ஒன்றுக்கு ஒரு சென்ட். அப்படி எடுக்காதீர்கள். நான் செய்வது இது: சேஸிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஒன்றுக்கு ஒன்றாக அவியோஸ் (அவர்களின் பயண பாயின்ட்) ஆக மாற்றி, அங்கிருந்து கத்தார் ஏர்வேஸ் கணக்குக்கு நகர்த்துவது. இரண்டு கணக்குகளையும் இணைத்துவிட்டால் அவியோஸ் அப்படியே போய்விடும். டல்லாஸ், தோஹா, சென்னை என்று ஒரே மாற்றத்தில் ஊர் போய்ச் சேரலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸிலேயே லண்டன் வழியாகப் போகலாம்தான். ஆனால் பாயின்ட்டைக் கொடுத்த பிறகும் வரி, சர்சார்ஜ் என்று கணிசமாகக் கேட்பார்கள். ஒரு எச்சரிக்கை: பாயின்ட்டில் கிடைக்கும் சீட்டுகள் குறைவு, பொங்கல் சமயத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் சுலபத்தில் கிடைக்காது. சீட் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள். ஒரு தடவை அனுப்பிய பாயின்ட் சேஸுக்குத் திரும்பாது.

ஆரம்ப போனஸின் அளவும் அதற்கான செலவும் அவ்வப்போது மாறும். நான் வாங்கியபோது மூன்று மாதத்தில் 5,000 டாலர் செலவழிக்க வேண்டியிருந்தது. லிமிட்டும் 5,000, இலக்கும் 5,000! ஊருக்குப் போக இரண்டு டிக்கெட், கார் இன்ஷூரன்ஸின் ஆறு மாதப் பிரீமியத்தை மொத்தமாகக் கட்டியது, இவற்றிலேயே பெரும்பகுதி முடிந்தது. வாடகையையும் கார்டில் கட்டலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அதற்குக் கேட்ட கூடுதல் கட்டணத்தைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டேன். மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்ட முடியாதவர்கள் இந்த விளையாட்டுக்கே வர வேண்டாம். வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல். எந்த பாயின்ட்டும் அதை ஈடுகட்டாது.

சென்னையில் கார்டு எப்படி என்று கேட்பீர்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் கிடையாது. (பழைய ஃப்ரீடம் கார்டை ஊரில் தேய்த்தால் 3 சதவீதம் பிடிப்பார்கள், அது இர்விங்கிலேயே இருக்கட்டும்.) தி. நகரில் பட்டுப்புடவைக்குத் தேய்த்தேன், பிரச்சினை இல்லை. டாலரிலா ரூபாயிலா என்று மெஷின் கேட்டால் ரூபாய் என்றே சொல்லுங்கள். டாலர் என்றால் அங்கேயே ஒரு மோசமான ரேட் போட்டுவிடுவார்கள். மற்றபடி ஆட்டோ, டீக்கடை, பூக்காரம்மா எல்லாம் யூபிஐ. அங்கே எந்த சஃபையரும் எடுபடாது.

அதிகம் பேசப்படாத ஒன்று வாடகைக் கார் இன்ஷூரன்ஸ். வாடகை முழுவதையும் இந்தக் கார்டில் கட்டி, கவுன்டரில் அவர்கள் தள்ளிவிடும் டேமேஜ் கவரை மறுத்துவிட்டால், காருக்கு ஏற்படும் சேதத்தைக் கார்டின் இன்ஷூரன்ஸே முதலில் பார்த்துக்கொள்ளும். இன்னும் சொந்தக் கார் வாங்காதவர்களுக்கு இது பெரிய உதவி. எதிராளியின் காருக்கோ உடம்புக்கோ ஏற்படும் சேதம் இதில் வராது, அதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். விமானம் 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, ராத் தங்க வேண்டி வந்தாலோ டிக்கெட்டுக்கு 500 டாலர் வரை ஹோட்டல், சாப்பாட்டுச் செலவு கேட்டு வாங்கலாம். இணைப்பு விமானம் பிடித்து ஊருக்குப் போகும் நமக்கு லவுஞ்ச் பிரியாணியைவிட இது முக்கியம்.

முதல் வருடம் முடிந்து கட்டணம் வரும்போது வேண்டாமென்று தோன்றினால், கார்டை மூடாதீர்கள். சேஸுக்குப் போன் செய்து கட்டணமில்லாத ஃப்ரீடம் அன்லிமிடெட் கார்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கணக்கின் வயது அப்படியே தொடரும். அதற்கு முன் பாயின்ட்ஸை அவியோஸாகவோ வேறு மைலாகவோ அனுப்பிவிடுங்கள், சஃபையர் போன பின் அந்தக் கதவு திறக்காது. நான் இந்த வருடமும் 95 டாலர் கட்டிவிட்டேன். மாமியார், மாமனார் டிக்கெட்டுக்கு இன்னும் பாயின்ட் சேர வேண்டியிருக்கிறது.