ரீகாலா, ஆப்பிள் இன்டெலிஜென்ஸா: யார் அதிகம் எட்டிப் பார்க்கிறார்கள்?

"எல்லாம் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும், கிளவுடுக்கு எதுவும் போகாது" என்று சொல்லிவிட்டால் பலருக்கு அதுவே போதும். ஆனால் விண்டோஸின் ரீகாலையும் மேக்கின் ஏஐ வசதிகளான ஆப்பிள் இன்டெலிஜென்ஸையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வீட்டுக்குள்ளேயே இருக்கிற ரீகால்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ரீகால், சில விநாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம்பிடித்து, அதிலுள்ள எழுத்துகளைப் படித்துத் தேடும்படி அடுக்கி வைக்கும். போன வாரம் எங்கோ பார்த்த சட்டையைத் தேடிப் பிடிக்கலாம், சரி. ஆனால் ஒரு நிமிடம் திறந்து மூடிய பேங்க் ஸ்டேட்மென்ட், நண்பர் அனுப்பிவிட்டு உடனே அழித்த மெசேஜ், எல்லாம் அதே குவியலில் சேரும். சோதனைப் பதிப்பைப் பிரித்துப் பார்த்த பாதுகாப்பு ஆய்வாளர்கள், படித்தெடுத்த எழுத்துகள் சாதாரண எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் பூட்டில்லாமல் கிடப்பதைக் காட்டினார்கள், அதை அப்படியே அள்ளியெடுக்க டோட்டல்ரீகால் என்று ஒரு கருவியே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் வெளியீட்டைத் தள்ளிப்போட்டு, கடைசியில் 2025 ஏப்ரலில்தான் பொதுவாக வெளியிட்டது.

இடையில் செய்த மாற்றங்கள் கண்துடைப்பு அல்ல, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாமாக ஆன் செய்தால்தான் ஓடும், சேமித்தது குறியாக்கத்தில் இருக்கும், திறக்க முகமோ கைரேகையோ கேட்கும் விண்டோஸ் ஹலோ வேண்டும், வேண்டாமென்றால் அடியோடு நீக்கலாம். ஆனாலும் முகமோ கைரேகையோ ஒருமுறை பதிந்த பிறகு பின் நம்பர் போட்டும் உள்ளே போகலாம். வீட்டுக்கு ஒரே லேப்டாப், பின் நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்றால் அந்தப் பூட்டுக்கு என்ன மதிப்பு? பாஸ்வேர்டு, கார்டு நம்பரை விட்டுவிடும் என்கிற வடிகட்டியும் சோதித்தவர்களிடம் சிலமுறை கோட்டை விட்டிருக்கிறது.

அப்புறம், நாம் ஆஃப் செய்தால் மட்டும் போதாது, எதிர்முனையில் இருப்பவர் ஆன் செய்திருந்தால் நாம் அனுப்பியது அவர் கம்ப்யூட்டரில் பதிவாகும். இதனால்தான் சிக்னல் என்கிற மெசேஜ் செயலி 2025 மே மாதம், சினிமாப் படங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுக்காமல் தடுக்கிற அதே வழியைத் தன் விண்டோஸ் செயலியில் வைத்து, ஸ்கிரீன்ஷாட்டில் தன் ஜன்னல் வெறுமையாக விழும்படி செய்தது. மெசேஜ் செயலி ஒன்று தான் ஓடுகிற இயங்குதளத்திடமிருந்தே ஒளிந்துகொள்ள வேண்டிய நிலை!

ஆப்பிள் இப்படித் திரையைப் படம்பிடித்துச் சேர்த்து வைப்பதில்லை. பெரும்பாலும் நாம் கேட்கும்போது வேலை செய்கிறது, சின்ன வேலையை மேக்கிலேயே முடிக்கிறது, பெரியதை மட்டும் தன் சர்வருக்கு அனுப்புகிறது. பதில் வந்ததும் அங்கே எதுவும் தங்காது என்கிறார்கள். வெறும் வாய்வார்த்தை என்று தள்ளவும் முடியாது, ஏனென்றால் அந்த சர்வர்களில் ஓடும் மென்பொருளை ஆய்வாளர்கள் சோதிக்கப் பொதுப் பதிவேடு ஒன்றில் வெளியிடுகிறார்கள், அந்தப் பதிவேட்டில் இல்லாத மென்பொருள் ஓடும் சர்வருக்கு மேக் தகவலை அனுப்பாது. ஆனால் 2025 ஜனவரியில் வந்த மேக்ஓஎஸ் 15.3 பதிப்பிலிருந்து ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் தானாகவே ஆன் ஆகி வருகிறது, ரீகாலுக்கு அவ்வளவு கூச்சல் போட்டவர்கள் இதைப் பெரிதாகப் பேசவில்லை. ஆப்பிளின் குரல் உதவியாளர் சிரி, பயனர்களின் பேச்சைப் பதிவு செய்ததாகத் தொடுத்த வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 9.5 கோடி டாலருக்கு ஆப்பிள் சமரசம் பேசிய செய்தி வெளிவந்ததும் அதே மாதம்தான். சாட்ஜிபிடி இணைப்பு வேறு இருக்கிறது. அனுப்பும் முன் உங்களைக் கேட்கும், அந்தக் கேள்வியை மட்டும் ஆஃப் செய்துவிடாதீர்கள்.

லினக்ஸ்? பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லை, வேண்டுமானால் ஒல்லாமா என்கிற மென்பொருளைப் போட்டு ஏஐ மாடலை உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக்கொள்ளலாம். அதற்காக அந்தப் பக்கம் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லமாட்டேன், 2012-ல் உபுண்டு என்கிற லினக்ஸ் வகை, கோப்பு தேட நாம் அடித்த சொல்லை வைத்து அமேசான் பொருள்களைக் காட்டியது.

பலர் பொதுவாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் ரீகால் வேண்டவே வேண்டாம். இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு மேக்குக்கு, சாட்ஜிபிடியை இணைக்காமல். உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர் பழையது என்றால் ரீகாலே இருக்காது, அதற்கு ஏஐ வேலைக்கென்றே தனிச் சிப் உள்ள கோபைலட் பிளஸ் வகைக் கம்ப்யூட்டரும் 16 ஜிபி ரேமும் வேண்டும். அங்கே கவனிக்க வேண்டியது மைக்ரோசாஃப்டின் ஏஐ அரட்டைச் செயலியான சாதாரண கோபைலட்டைத்தான், நீங்கள் அதில் அடிப்பது நேராக சர்வருக்குப் போகிறது.