முக்கால் அங்குலமா, எம் 25-ஆ: ஒரு பழைய எஃகு சிலிண்டருடன் ஒன்பது ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அக்கா மகன், பழைய எஃகு டைவிங் சிலிண்டர் ஒன்றை வால்வு இல்லாமல் மலிவாக வாங்கிவிட்டு, எங்கிருந்தோ கிடைத்த ஒரு வால்வை அதில் திருகிப் பார்த்திருக்கிறான். "மாமா, கையாலேயே இறங்குதே, பிறகென்ன?" என்று தொலைபேசியில் கேட்டான். அன்று அவனிடம் கோபமாகப் பேசிவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைப் பொறுமையாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அதே காலத்து 12 லிட்டர் எஃகு சிலிண்டர் ஒன்றை நான் ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

நீருக்குள் அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் அதில் ஏறத்தாழ 2.9 கிலோ காற்று இருக்கும். அந்தக் காற்று தீரத் தீர அலுமினியச் சிலிண்டர் நம்மை மேலே இழுக்கும், இது இழுப்பதில்லை. டர்பனுக்குத் தெற்கே உள்ள கடலடிப் பாறைத்திட்டான அலிவால் ஷோலில் கடைசி சில நிமிடங்கள் ஒரே ஆழத்தில் அமைதியாக நிற்க முடிவது எனக்குப் பெரிய நிம்மதி. உட்புறச் சோதனைகளில் இதுவரை துரு கண்டதில்லை.

ஆனால் அதன் தோளில் வரிசை எண், எடை, சோதனை அழுத்தம், தேதி எல்லாம் அடித்திருக்க, கழுத்தின் மரை அளவு மட்டும் இல்லை. புதிய சிலிண்டர்களில் எம் 25×2 என்று மெட்ரிக் மரை அளவு தெளிவாக இருக்கும். இந்த ஒரு குறை என்னை ஒன்பது ஆண்டுகளாக விடாமல் தொல்லைப்படுத்துகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வால்வின் தண்டு தேய்ந்தபோது ஒரு கடையில் கொடுத்தேன். அங்கிருந்தவர் மேசையிலிருந்த புதிய வால்வை எடுத்துத் திருகினார். சில சுற்றுகள் எளிதாக இறங்கின, ஆனால் வால்வு இருபக்கமும் ஆடியது. பிறகு இறுகியதும் அவர் ஸ்பேனரை எடுத்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவர் எடுத்தது எம் 25, என் சிலிண்டரோ முக்கால் அங்குல பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் குழாய் மரை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், குறியும் இல்லை. எனவே தவறு முழுவதும் அவருடையது என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் உயர் அழுத்தச் சிலிண்டரைத் தொடுகிறவர் முதலில் விட்டம் அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுக்காததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

எம் 25 வால்வின் மரை வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், மரை இடைவெளி 2 மில்லிமீட்டர். முக்கால் அங்குல பிஎஸ்பிக்கு (முக்கால் அங்குலம் என்பது பெயரளவே) வெளிவிட்டம் 26.4, அங்குலத்துக்கு 14 மரை, அதாவது இடைவெளி 1.81 மில்லிமீட்டர். ஐந்து மரை தூரத்தை அளந்தால் முன்னதில் 10 மில்லிமீட்டர் வரும், பின்னதில் 9 மட்டுமே. கழுத்தின் உள்ளே அளப்பதானால் எம் 25-இல் எதிரெதிர் மரை முகடுகளுக்கு இடையே ஏறத்தாழ 22.8, பிஎஸ்பியில் 24.1. ஆக, 25 மில்லிமீட்டர் வால்வு 24.1 மில்லிமீட்டர் துளையில் ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்கூடப் பிடிப்பதில்லை. 200 பாரில் அந்த வால்வை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமம். காற்றைத் தடுப்பது மரையன்று, கழுத்தின் மேலுள்ள ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். அது சரியாக அமர்ந்துவிட்டால் சோப்பு நீரில் ஒரு குமிழிகூட வராது, ஆகவே கசிவில்லை என்பதை வைத்து மரை பொருந்திவிட்டது என்று நம்பவே கூடாது. இப்படிப் பொருந்தாத வால்வுகள் பறந்து ஆட்கள் காயமடைந்திருக்கிறார்கள்.

அமெரிக்கச் சிலிண்டரானால் சிக்கல் இன்னும் கூடும். அங்கேயுள்ள முக்கால் அங்குல என்பிஎஸ்எம் (அமெரிக்கக் குழாய் மரை வகை) மரைக்கும் அங்குலத்துக்கு 14 தான். மரைக் கோணம் மட்டும் 60 பாகை, பிஎஸ்பிக்கு 55. காலிப்பருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது. பிட்ச் கேஜ் எனும் மரை அளவியின் தகட்டை மரையில் பதித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோணம் தவறானால் தகட்டுக்கும் மரைக்கும் இடையே ஒளிக்கீற்று தெரியும். என் பழைய வால்வில் 55 பாகைத் தகடு இடைவெளியின்றி அமர்ந்தது. அதன்பிறகும் சோதனை நிலையத்தில் கழுத்துக்குள் திருகிப் பார்க்கும் பிளக் கேஜ் வைத்து உறுதிசெய்த பின்னரே மாற்று வால்வுக்குச் சொன்னேன், அது வர ஏழு வாரம் ஆனது. அன்றிலிருந்து கழுத்தில் மரை அளவெழுதிய அட்டை ஒன்றைக் கட்டியிருக்கிறேன். உப்புநீரில் எழுத்து அழிந்துபோவதால் ஆண்டுதோறும் புதிதாக எழுதிக் கட்டுகிறேன்.

இதைவிட நல்ல சிலிண்டர் எனக்குக் கிடைத்ததில்லை. இருந்தும் அக்கா மகனிடம், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோளில் மரை அளவு அடித்த ஒன்றை வாங்கு என்றுதான் சொன்னேன். என்னுடையதை இருவர் விலைக்குக் கேட்டார்கள். அட்டை அறுந்து விழுந்த பின் அதை எவர் கையில் எந்த வால்வுடன் காண்பேனோ என்ற பயத்தில் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.